வெளிநாட்டில் நடந்த குற்றம், உள்நாட்டு நீதிமன்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அவர்கள் கேட்கிற சந்தேகங்களும், செய்தி பார்த்துவிட்டு உறவினர்கள் தொலைபேசியில் கேட்கிற சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதிலாக எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே உள்ளன. பதில்கள் பொதுவான விளக்கம் மட்டுமே. சொந்தமாக ஒரு வழக்கு இருந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

1. குற்றம் வெளிநாட்டில் நடந்தது. இங்கே இருக்கிற நீதிமன்றம் அதைத் தொடவே முடியாதுதானே?

தொடலாம். ஆனால் எல்லாக் குற்றத்தையும் அல்ல, எப்போதும் அல்ல. எந்த மண்ணில் குற்றம் நடந்ததோ அந்த மண்ணின் நீதிமன்றம் விசாரிப்பதுதான் பொது விதி. சாட்சிகள் அங்கே, தடயங்கள் அங்கே, பாதிக்கப்பட்ட ஊரும் அங்கே என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. இந்தப் பக்கம் முழுவதும் அந்த விதிவிலக்குகளைப் பற்றித்தான்.

ஒன்றை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டின் சட்டம் வெளியே நடந்த செயலைக் குற்றம் என்று சொல்லலாமா என்பது ஒரு கேள்வி. அந்த நாட்டுப் போலீஸ் வெளியே போய் ஆளைப் பிடிக்கலாமா என்பது வேறு கேள்வி. முதலாவதுக்குப் பெரும்பாலும் 'ஆம்' என்று இடம் உண்டு. இரண்டாவதுக்கு, அந்நிய நாடு அனுமதித்தால் ஒழிய, 'இல்லை'. செய்திகளைப் படிப்பவர்கள் குழம்புவதெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான்.

2. சரி, என்ன தொடர்பு இருந்தால் நீதிமன்றம் கையில் எடுக்கும்?

சட்டப் புத்தகங்கள் ஐந்து தொடர்புகளைச் சொல்லும். குற்றத்தின் ஒரு பகுதியாவது அந்த நாட்டு மண்ணில் நடந்திருப்பது. செய்தவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருப்பது. பாதிக்கப்பட்டவர் அந்த நாட்டவராக இருப்பது. குற்றம் அந்த நாட்டின் பாதுகாப்பையோ நாணயத்தையோ குறிவைத்தது. கடைசியாக, குற்றம் உலகத்துக்கே பொதுவான பகை என்று கருதப்படுவது. ஐந்தாவதைத்தான் 'உலகளாவிய அதிகார வரம்பு' என்கிறோம். பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வருவது அதுதான். ஆனால் நீதிமன்றங்களில் அன்றாடம் நடப்பது முதல் இரண்டும்தான்.

ஒரே குற்றத்துக்கு நான்கைந்து நாடுகள் ஒரே நேரத்தில் உரிமை கோரலாம். அப்போது யாருக்கு முன்னுரிமை என்று சொல்லும் உலகப் பொதுவிதி எதுவும் இல்லை. ஆள் யார் கையில் இருக்கிறாரோ அவர்கள் பேச்சு எடுபடும்.

3. சுட்டவன் எல்லைக்கு இந்தப் பக்கம், செத்தவர் அந்தப் பக்கம். குற்றம் நடந்த இடம் எது?

இரண்டு இடமும்தான். செயல் தொடங்கிய நாடும் விசாரிக்கலாம், விளைவு விழுந்த நாடும் விசாரிக்கலாம். இது வெளிநாட்டுக் குற்றம் மாதிரி தெரிந்தாலும், சட்டத்தின் கண்ணில் பாதி உள்நாட்டுக் குற்றம்.

இன்று இந்த விதி அதிகம் பயன்படுவது இணைய மோசடியில். மோசடிக்காரன் ஒரு நாட்டில், சர்வர் இன்னொரு நாட்டில், பணம் இழந்தவர் மூன்றாவது நாட்டில். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 75-ஆம் பிரிவில், குற்றத்தில் சம்பந்தப்பட்ட கணினி இந்தியாவில் இருந்தால் போதும், செய்தவர் எந்த நாட்டவர் என்றாலும் எங்கிருந்து செய்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும் என்கிறது. அப்புறம் அந்த ஆளை எப்படிப் பிடிப்பது? அதற்கு 1-ஆவது பதிலின் இரண்டாம் பத்திக்குத் திரும்ப வேண்டும்.

4. நம் நாட்டுக்காரர் வெளிநாட்டில் போய் ஒருவரை அடித்துவிட்டார். ஊர் திரும்பினால் இங்கே வழக்குப் போடுவார்களா?

அது எந்த நாட்டுக்காரர் என்பதைப் பொறுத்தது. பிரான்ஸ், ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகள் தங்கள் குடிமக்கள் உலகில் எங்கே குற்றம் செய்தாலும் விசாரிக்கும் வழக்கம் உள்ளவை. அவற்றில் பல சொந்தக் குடிமக்களை வேறு நாட்டிடம் ஒப்படைக்கத் தயங்கும்; அதனால் தாங்களே விசாரிக்கும் பொறுப்பும் அவற்றுக்கு வந்துவிடுகிறது. ஆங்கிலேயச் சட்ட மரபு இதற்கு நேர்மாறு. கொலை போன்ற சில கடும் குற்றங்களுக்கு மட்டுமே இங்கிலாந்துச் சட்டம் தன் மக்களை வெளிநாடு வரை பின்தொடர்ந்தது. வெளிநாட்டில் லஞ்சம் கொடுப்பது, வெளிநாடு சென்று குழந்தைகளிடம் பாலியல் குற்றம் புரிவது போன்றவை பிற்பாடு தனிச்சட்டங்களால் சேர்ந்தன.

இந்தியா ஆங்கில மரபில் வந்தாலும் இதில் வேறு வழியில் போயிற்று. பழைய தண்டனைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 1-ஆம் பிரிவும், இந்தியக் குடிமகன் எங்கே செய்த குற்றமும் இங்கே செய்தது போலவே என்கின்றன. ஆனால் ஒரு தாழ்ப்பாள் உண்டு: முழுக்க வெளிநாட்டில் நடந்த குற்றம் என்றால் மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் விசாரணை நடத்த முடியாது. எஃப்ஐஆர் பதியவும் புலன்விசாரணை செய்யவும் அந்த அனுமதி தேவையில்லை, நீதிமன்ற விசாரணைக்குத்தான் தேவை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் விளக்கியது. குற்றத்தின் ஒரு பகுதி உள்நாட்டிலேயே நடந்திருந்தால் அனுமதிக்கே அவசியமில்லை. 'டெல்லி அனுமதி வரவில்லை, புகாரை வாங்க முடியாது' என்று காவல் நிலையத்தில் யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

5. நான் போன நாட்டில் அது குற்றமே கிடையாது. திரும்பி வந்தால் என்னைப் பிடிப்பார்களா?

பல நாடுகள் 'இரு நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும்' என்ற நிபந்தனையை வைத்திருக்கின்றன. அங்கே அனுமதிக்கப்பட்டதை இங்கே தண்டிப்பது முறையில்லை என்பதே காரணம். ஆனால் எல்லா நாடும் அப்படியில்லை. சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டம், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் உள்நாட்டில் உட்கொண்டதாகவே நடத்தும். அந்த நாட்டில் கஞ்சா சட்டப்படி விற்கப்படுகிறது என்ற வாதம் அங்கே எடுபடாது. 2018-இல் கனடா கஞ்சாவை அனுமதித்தபோது, தென்கொரிய அரசு தன் மக்களிடம் 'உங்களுக்கு அது இன்னும் குற்றம்தான்' என்று வெளிப்படையாகவே எச்சரித்தது.

கடும் குற்றங்களில், குறிப்பாகக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில், இந்த நிபந்தனையைத் தளர்த்திய நாடுகள் நிறைய. 'அங்கே கேட்பாரில்லை' என்பதுதான் அந்தக் குற்றவாளிகள் விமானம் ஏறுவதற்கே காரணம் என்பதால், தளர்த்தியது சரிதான் என்பேன்.

6. கொல்லப்பட்டவர் நம்மவர். அது போதாதா?

இந்தத் தொடர்பு நீண்ட காலம் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டது. 1886-இல் கட்டிங் என்ற அமெரிக்கர், ஒரு மெக்சிகரைப் பற்றி டெக்சாஸில் அவதூறாக எழுதி வெளியிட்டதற்காக மெக்சிகோவில் கைதானார். அமெரிக்கா கொதித்தது: எங்கள் மண்ணில் நடந்ததை நீங்கள் எப்படி விசாரிக்கலாம் என்று. ஒவ்வொருவரும் தன் நாட்டுச் சட்டத்தையே ஒரு குடை மாதிரி உலகெங்கும் விரித்துக்கொண்டு நடந்தால், எதிரே வருபவருக்குத் தான் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்றே தெரியாது என்பதுதான் எதிர்ப்பின் சாரம்.

நூறு ஆண்டு கழித்து அதே அமெரிக்கா மனம் மாறியது. 1985-இல் பெய்ரூட்டில் கடத்தப்பட்ட ஜோர்டான் விமானத்தில் அமெரிக்கப் பயணிகளும் இருந்தார்கள். கடத்தியவர்களில் ஒருவரான ஃபவாஸ் யூனிஸை 1987-இல் சைப்ரஸ் அருகே ஒரு படகுக்கு வரவழைத்து, சர்வதேசக் கடலில் வைத்து எஃப்பிஐ பிடித்தது. அமெரிக்க நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. இன்று பயங்கரவாதம், பணயக்கைதி, கொலை போன்றவற்றுக்கு இந்தத் தொடர்பைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். சில்லறைக் குற்றங்களுக்கு இன்னும் ஏற்பதில்லை.

7. கள்ளநோட்டு வெளிநாட்டில் அச்சடித்தால்?

யாருடைய நோட்டோ அந்த நாடு விசாரிக்கலாம். அச்சடித்தவர் எந்த நாட்டவர் என்பது பொருட்டே இல்லை. கடவுச்சீட்டு, விசா மோசடி, உளவு ஆகியவையும் இதே வகை. இதில் அதிகம் பேசப்படும் வழக்கு வில்லியம் ஜாய்ஸுடையது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் வானொலியில் பிரிட்டனுக்கு எதிராகப் பேசியவர். பிறப்பால் அமெரிக்கர், பொய் சொல்லி பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வாங்கியிருந்தார். அந்தக் கடவுச்சீட்டின் பாதுகாப்பை அனுபவித்த காலத்துக்கு விசுவாசமும் கடன்தான் என்று சொல்லி, 1946 ஜனவரியில் துரோகக் குற்றத்துக்காகத் தூக்கிலிட்டார்கள். பொய் சொல்லி வாங்கிய காகிதமே கழுத்துக்கு வந்தது.

8. நடுக்கடலில், பறக்கும் விமானத்தில் நடந்தால் எந்த நாட்டுச் சட்டம்?

கப்பலுக்குக் கொடி, விமானத்துக்குப் பதிவு. எந்த நாட்டுக் கொடி பறக்கிறதோ, எந்த நாட்டில் விமானம் பதிவாகியிருக்கிறதோ, அதுவே முதல் அதிகாரம். விமானத்துக்கு 1963-ஆம் ஆண்டு டோக்கியோ உடன்படிக்கை இதைச் சொன்னது. ஆனால் குடித்துவிட்டுச் சண்டை போட்ட பயணியை, இறங்கிய நாட்டுப் போலீஸ் 'பதிவு எங்கள் நாட்டில் இல்லை' என்று விட்டுவிட வேண்டிய நிலை அடிக்கடி வந்தது. அதைச் சரிசெய்ய 2014-இல் மான்ட்ரியலில் கொண்டுவந்த திருத்தம், ஏற்ற நாடுகளிடையே 2020 முதல் நடப்பில் உள்ளது. இறங்கிய நாட்டுக்கும் அதிகாரம் கிடைத்துவிட்டது. விண்வெளி நிலையத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அவரவர் நாட்டுச் சட்டம் அவரவருக்கு. கனடா 2022-இல் தன் குற்றவியல் சட்டத்தை நிலவு வரைக்கும் நீட்டிவைத்திருக்கிறது, முன்யோசனைக்காரர்கள்.

கடலில் பெரிய வழக்கு லோட்டஸ். 1926 ஆகஸ்ட் 2 அன்று லோட்டஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் நடுக்கடலில் ஒரு துருக்கிக் கப்பலை மோதியதில் 8 துருக்கியர் இறந்தார்கள். லோட்டஸ் இஸ்தான்புல் வந்ததும் அதன் அதிகாரியைத் துருக்கி கைது செய்து தண்டித்தது. பிரான்ஸ் அன்றைய நிரந்தர சர்வதேச நீதிமன்றம் போயிற்று. நீதிபதிகள் ஆறுக்கு ஆறு என்று பிரிந்து, தலைவரின் கூடுதல் வாக்கால் 1927-இல் துருக்கி வென்றது: தடை செய்யும் விதியைக் காட்ட முடியாவிட்டால் நாட்டுக்கு உரிமை உண்டு என்று. மாலுமிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஒவ்வொரு துறைமுகத்திலும் கைதாகிற பயத்தோடு யார் கப்பல் ஓட்டுவது? பின்னால் வந்த உடன்படிக்கைகள் இதை மாற்றின. இன்றைய கடல் சட்ட உடன்படிக்கையின் 97-ஆம் பிரிவின்படி, மோதல் விபத்துக்குக் கொடிநாடோ அந்த மாலுமியின் சொந்த நாடோதான் வழக்குப் போடலாம்.

அடுத்ததாக எப்போதும் வருவது இத்தாலியக் கடற்படையினர் விவகாரம். 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல் தொலைவில், என்ரிகா லெக்சி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த கடற்படையினர் சுட்டதில் மீன்பிடிப் படகில் இருந்த இரண்டு இந்திய மீனவர்கள் இறந்தார்கள். இடம் 12 மைல் எல்லைக்கு வெளியே என்பதால் கேரளத்துக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசுக்கு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். வழக்கு சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2020-இல் தீர்ப்பாயம், இரு நாட்டுக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் சுட்டவர்கள் இத்தாலி அரசின் பணியில் இருந்ததால் அவர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியா நஷ்டஈடு பெறலாம் என்று முடித்தது. இத்தாலி 10 கோடி ரூபாய் கொடுத்தபின், 2021 ஜூனில் இந்திய வழக்கு மூடப்பட்டது. அதிகார வரம்பு இருந்தும் விசாரிக்க முடியாமல் போவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை.

9. தூதரகத்துக்குள் நடந்தால் அது அந்நிய மண்தானே?

இல்லை. தூதரகம் இருக்கிற நாட்டின் மண்தான். உள்ளே அனுமதியின்றி நுழையக்கூடாது என்பது மட்டுமே விதி. தூதருக்கு அந்த நாட்டு நீதிமன்றத்திடமிருந்து விலக்குரிமை உண்டு. ஆனால் 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையே, அவரை அவர் சொந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கத் தடையில்லை என்றும் சொல்கிறது. ஐநா அமைதிப்படையினரையும் அவரவர் நாடுதான் விசாரிக்க வேண்டும். விசாரிக்கிறார்களா என்று கேட்டால், போதுமான அளவுக்கு இல்லை.

10. எந்தச் சம்பந்தமும் இல்லாத நாடு எப்படி விசாரிக்கலாம்? அடுத்த வீட்டுச் சண்டையில் நமக்கென்ன?

பழைய எடுத்துக்காட்டு கடற்கொள்ளை. கொள்ளையர் எந்த நாட்டுக்கும் அடங்காதவர்கள், எல்லா நாட்டுக் கப்பலுக்கும் பகைவர்கள். அதனால் பிடித்தவர் விசாரிக்கலாம் என்பது பல நூற்றாண்டு வழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தப் பட்டியல் நீண்டது. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள், கடும் போர்க்குற்றம் செய்தவர் எந்த நாட்டவர் ஆனாலும் தேடிப்பிடித்து விசாரிக்க வேண்டும், அல்லது ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. 1984-ஆம் ஆண்டு சித்திரவதைத் தடை உடன்படிக்கையும் அப்படியே. வேடிக்கை என்னவென்றால், 1948-ஆம் ஆண்டு இனப்படுகொலை உடன்படிக்கையில் இந்த விதி இல்லை. குற்றம் நடந்த நாடு அல்லது சர்வதேசக் குற்றவியல் மன்றம் என்று மட்டுமே இருக்கிறது. இனப்படுகொலைக்கு உலகளாவிய அதிகாரம் வழக்கத்தால் வந்து சேர்ந்தது.

அதைக் கொண்டுவந்த பெரிய வழக்கு, யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பிய நாஜி அதிகாரி ஐக்மனுடையது. குற்றம் ஐரோப்பாவில், செய்தவர் ஜெர்மானியர், விசாரித்த இஸ்ரேல் அந்தக் குற்றம் நடந்தபோது ஒரு நாடாகவே இல்லை, 1948-இல்தான் பிறந்தது. மேல்முறையீட்டில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 1962-இல், இப்படிப்பட்ட குற்றம் மனித குலம் முழுவதற்கும் எதிரானது என்ற அடிப்படையில் அதிகாரத்தை உறுதிசெய்தது.

அடுத்த வீட்டுச் சண்டை என்று கேட்டீர்களே, பல வழக்குகளில் அந்தச் சண்டைக்காரர் நம் தெருவுக்கே குடிவந்துவிடுகிறார். ஆப்கானிஸ்தானில் 1990-களில் சோதனைச்சாவடியில் பயணிகளைச் சித்திரவதை செய்த ஃபரியாதி சர்தாத், லண்டனில் பீட்சா கடை நடத்திக்கொண்டிருந்தார். 2005-இல் அங்கேயே 20 ஆண்டு தண்டனை பெற்றார். சிரிய உளவுத்துறைக் கர்னலாக இருந்த அன்வர் ரஸ்லான் ஜெர்மனிக்கு அகதியாக வந்தார். தன்னைச் சிரிய உளவாளிகள் பின்தொடர்வதாக பெர்லின் போலீசிடம் அவரே புகார் கொடுக்கப் போனார். அப்போது தன் பழைய வேலையையும் விவரித்துவிட்டார். 2022 ஜனவரி 13 அன்று கோப்லென்ஸ் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. இத்தகையவரை விசாரிக்காமல் விட்டால் அந்த நாடு புகலிடம் ஆகிவிடும். அதுதான் 'நமக்கென்ன' என்பதற்குப் பதில்.

11. அப்படியானால் யார் வேண்டுமானாலும் எந்த நாட்டுத் தலைவர் மீதும் ஐரோப்பாவில் வழக்குப் போடலாமா?

ஒரு காலத்தில் பெல்ஜியத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் எந்தத் தொடர்பும் கேட்கவில்லை. 2001-இல் ருவாண்டா இனப்படுகொலையில் பங்கு கொண்ட நான்கு பேரை, அவர்களில் இரண்டு கன்னியாஸ்திரிகள், பிரஸ்ஸல்ஸ் ஜூரி தண்டித்தபோது உலகம் பாராட்டியது. பிறகு இஸ்ரேல், அமெரிக்கத் தலைவர்கள் மீது புகார்கள் குவிந்தன. நேட்டோ தலைமையகம் பிரஸ்ஸல்ஸில் நீடிப்பது பற்றியே கேள்வி எழும் என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பேச, 2003-இல் சட்டம் வெட்டிச் சுருக்கப்பட்டது. ஸ்பெயினும் 2009-இலும் 2014-இலும் தன் சட்டத்தைச் சுருக்கியது. இரண்டாவது சுருக்கத்துக்கு முன்னால் திபெத் தொடர்பாகச் சீனாவின் முன்னாள் தலைவர் மீது அங்கே பிடியாணை போயிருந்தது.

இன்று பெரும்பாலான நாடுகளில் வாசலில் ஒரு காவல் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் அந்த நாட்டில் இருக்க வேண்டும், அல்லது வசிக்க வேண்டும். அல்லது தலைமை அரசு வழக்கறிஞர் சம்மதிக்க வேண்டும். ஜெர்மனியின் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்பே தேவையில்லை என்கிறது, ஆனால் ஆள் நாட்டில் இல்லாவிட்டால் வழக்கைக் கைவிட அரசு வழக்கறிஞருக்கு விருப்புரிமை தருகிறது. பெரிய நாட்டுக்காரர் தப்பிக்கிறார், சிறிய நாட்டுக்காரர் மாட்டுகிறார் என்ற குறை நியாயமானதே. அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

12. பதவியில் இருக்கிற அதிபரைக் கைது செய்யலாமா? பதவி போனபிறகு?

பதவியில் இருக்கும்போது வேறு நாட்டு நீதிமன்றம் தொட முடியாது. காங்கோவின் பதவியில் இருந்த வெளியுறவு அமைச்சர் மீது பெல்ஜியம் பிடியாணை போட்டதைச் சர்வதேச நீதிமன்றம் 2002 பிப்ரவரியில் சட்டவிரோதம் என்றது. குற்றம் எவ்வளவு கொடியது என்பது அந்தக் கட்டத்தில் பொருட்டில்லை.

பதவி போனால் கதை மாறும். சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே 1998 அக்டோபரில் லண்டனில் சிகிச்சைக்கு வந்திருந்தபோது, ஸ்பெயின் நீதிபதியின் பிடியாணையில் கைதானார். சித்திரவதையை ஒரு நாட்டுத் தலைவரின் 'அலுவல்' என்று கருதி விலக்களிக்க முடியாது என்று, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1999 மார்ச்சில் தீர்ப்பளித்தது. கடைசியில் உடல்நலம் சரியில்லை என்று 2000-இல் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்பெயின் அவரைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் தீர்ப்பு நின்றது. பிரான்சில் சிரியாவின் பஷர் அல் அசாத் பதவியில் இருந்தபோது போட்ட பிடியாணையை 2025 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே மூச்சில், இப்போது அவர் அதிபர் இல்லை, புதிதாகப் பிடியாணை போடலாம் என்றும் சொன்னது.

13. ஹேக்கில் உலக நீதிமன்றம் இருக்கிறதே. அப்புறம் இதெல்லாம் எதற்கு?

ஹேக்கில் இரண்டு உண்டு. சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்கைத்தான் கேட்கும். யாரையும் சிறையில் போடாது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதர்களை விசாரிக்கும். ஆனால் 2002 ஜூலை 1-க்குப் பின் நடந்தவற்றை மட்டும், பெரும்பாலும் உறுப்பு நாடுகள் சம்பந்தப்பட்டால் மட்டும், அதுவும் உள்நாட்டு நீதிமன்றம் செய்யத் தவறினால் மட்டும். அமெரிக்கா, சீனா, ரஷ்யா, இந்தியா உறுப்பினர்கள் அல்ல. ஆகவே உள்நாட்டு நீதிமன்றங்கள்தான் முதல் வரிசை.

உள்நாட்டு நீதிமன்றமும் சர்வதேச நீதிமன்றமும் எப்படிக் கைகோர்க்கும் என்பதற்கு ஹிசேன் ஹப்ரே வழக்கு. 1982 முதல் 1990 வரை சாட் நாட்டை ஆண்டு, கொடுமைகள் செய்து, செனகலுக்கு ஓடியவர். பாதிக்கப்பட்டவர்கள் இருபது ஆண்டுக்கு மேல் விடாமல் அலைந்தார்கள். 'விசாரி, இல்லையேல் எங்களிடம் ஒப்படை' என்று பெல்ஜியம் செனகல் மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 2012-இல் வென்றது. செனகல் ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்ந்து தனி மன்றம் அமைத்தது. 2016 மே 30 அன்று ஆயுள் தண்டனை.

14. ஆள் கையில் இல்லாமலே தீர்ப்புச் சொல்லலாமா?

பிரான்ஸ் சொல்லும். 2024 மே மாதம் மூன்று சிரிய அதிகாரிகளுக்கு, அவர்கள் இல்லாமலேயே பாரிஸில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆங்கில மரபு நாடுகளில் இது பெரும்பாலும் நடக்காது; ஆள் வர வேண்டும். வர வைக்கும் வழி ஒப்படைப்பு. அதற்கு ஒப்பந்தமும், 5-இல் சொன்ன இரட்டைக் குற்ற நிபந்தனையும், மரண தண்டனை கிடையாது போன்ற உறுதிமொழிகளும் தேவைப்படலாம். ஈராக்கில் யாசிதி என்ற சிறுபான்மை மதத்தைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமியின் சாவுக்குக் காரணமான ஐஎஸ் உறுப்பினர் கிரீஸில் பிடிபட்டு ஜெர்மனிக்கு ஒப்படைக்கப்பட்டார். 2021 நவம்பரில் ஃபிராங்ஃபர்ட்டில் இனப்படுகொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. குற்றம் ஈராக்கில், குற்றவாளி ஈராக்கியர், சிறுமி ஈராக்கி.

15. ஒப்படைக்காவிட்டால் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் என்ன? வழக்கு செல்லுமா?

இதில் நீதிமன்றங்கள் ஒத்துப்போவதில்லை. ஐக்மனை 1960-இல் பியூனஸ் அயர்ஸிலிருந்து கடத்தித்தான் கொண்டுவந்தார்கள். அர்ஜென்டினா ஐநா பாதுகாப்புச் சபை வரை போய், இஸ்ரேல் ஈடுசெய்ய வேண்டும் என்ற தீர்மானத்தைப் பெற்றது. வழக்கு மட்டும் நிற்கவில்லை. 1990-இல் மெக்சிக மருத்துவர் ஒருவரைக் கடத்தி டெக்சாஸுக்குக் கொண்டுவந்தபோதும், ஆள் வந்த விதம் விசாரணையைத் தடுக்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-இல் சொன்னது. அந்த மருத்துவர் பிறகு ஆதாரம் போதாமல் விடுதலை ஆனார் என்பது தனிக்கதை.

மறுவருடமே இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை எதிர்த்திசையில் போயிற்று. ஒப்படைப்பு முறையைத் தாண்டி, தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவரை விமானத்தில் ஏற்றி வந்ததில் பிரிட்டிஷ் போலீசுக்குப் பங்கிருந்தால், வழக்கையே நிறுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் ஒப்புதல்.

16. அங்கேயே தண்டனை அனுபவித்துவிட்டார். இங்கே மறுபடியும் போடலாமா?

ஒரு குற்றத்துக்கு இருமுறை தண்டனை கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சர்வதேச மனித உரிமை விதி அதை ஒரே நாட்டுக்குள் மட்டும்தான் உறுதி செய்கிறது. நாடு மாறினால் உறுதி இல்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குள், ஒரு நாட்டில் முடிந்த வழக்கை இன்னொன்று எடுக்கக்கூடாது என்ற ஒப்பந்தம் உண்டு. அமெரிக்காவோ, இரண்டு அரசுகள் இரண்டு சட்டங்கள், ஆகவே இரண்டு குற்றங்கள் என்று கணக்குப் போடும். ஜெர்மனி நடுவழியில் நிற்கிறது: ஷெங்கனுக்கு வெளியே தண்டனை பெற்றவரை மறுபடி விசாரிக்கலாம், ஆனால் அங்கே கழித்த சிறைக்காலத்தைக் கழித்துக்கொள்ளும்.

17. நடந்தபோது இந்த நாட்டில் அப்படியொரு சட்டமே இல்லை. பின்னால் சட்டம் போட்டுப் பிடிக்கலாமா?

பினோசே வழக்கில் இதுதான் குற்றச்சாட்டுகளைச் சுருக்கியது. வெளிநாட்டில் நடந்த சித்திரவதை இங்கிலாந்துச் சட்டத்தில் குற்றமானது 1988-இல். ஆகவே அதற்கு முந்தைய பெரும்பகுதி தள்ளுபடியாகி, ஆட்சியின் கடைசிக் காலத்தில் நடந்தவை மட்டுமே மிஞ்சின.

ஆனால் நுணுக்கம் ஒன்று உண்டு. செயல் எப்போதுமே எங்குமே குற்றமாக இருந்து, எந்த நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பது மட்டும் பின்னால் மாறினால், பல நாடுகள் அதை ஏற்கின்றன. பிரிட்டனின் 1991-ஆம் ஆண்டுப் போர்க்குற்றச் சட்டம் அப்படிப்பட்டது: ஜெர்மன் வசமிருந்த பகுதிகளில் 1939-க்கும் 1945-க்கும் இடையில் நடந்த கொலைகளை, செய்தவர் பிற்பாடு பிரிட்டிஷ்காரர் ஆகியிருந்தால் விசாரிக்க வழிசெய்தது. 1942-இல் கொலை கொலையாகத்தான் இருந்தது.

18. சாட்சிகள் எல்லாம் ஆயிரம் மைலுக்கு அப்பால். எப்படித்தான் நிரூபிப்பார்கள்?

மேலே சொன்ன 1991 சட்டத்தில் தண்டனை பெற்றவர் ஒருவரே: ஆண்டனி சவோனியுக், லண்டனில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். 1999-இல் அவர் வழக்கில் நீதிபதியும் ஜூரியும் பெலாரஸில் கொலைகள் நடந்த ஊருக்கே போனார்கள். பிரிட்டிஷ் ஜூரி கடல் கடந்தது அதுவே முதல்முறை. சாட்சி எங்கே நின்றார், அங்கிருந்து என்ன தெரியும் என்று நேரில் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்கள். சர்தாத் வழக்கில் காபூலில் இருந்த சாட்சிகள் வீடியோ வழியாகப் பேசினார்கள். கோப்லென்ஸ் வழக்கில், சிரிய ராணுவப் போலீஸ் புகைப்படக்காரர் கடத்திக்கொண்டு வந்த ஆயிரக்கணக்கான பிணப் படங்களைத் தடயவியல் நிபுணர் ஆராய்ந்து சொன்னார்.

இதில் மொழிபெயர்ப்பாளர் பாடுதான் பெரும்பாடு. தேதியை மழைக்காலத்தை வைத்துச் சொல்கிற சாட்சியிடம் நாள், மணி கேட்கும் நீதிமன்றம். நடுவில் இருபது வருடம் போயிருக்கும். பின்லாந்து நீதிமன்றம் ஒன்று, லைபீரியப் போர்க்குற்றங்களுக்காக, பின்லாந்தில் குடியேறியிருந்த சியரா லியோன் நாட்டு முன்னாள் தளபதி ஒருவரை விசாரிக்க, 2021-இல் லைபீரியாவுக்கும் சியரா லியோனுக்கும் தானே போய் அமர்ந்து சாட்சிகளைக் கேட்டது. குற்றங்கள் நடந்தது உண்மை என்று ஏற்றது. அவற்றைச் செய்தவர் இவர்தான் என்பது ஐயமின்றி நிரூபணமாகவில்லை என்று 2022-இல் விடுதலை செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் லைபீரியாவுக்குப் போய்ச் சாட்சிகளைக் கேட்டது. 2024 ஜனவரியில் அதுவும் அதே முடிவுக்கே வந்தது.